மாடிக்குப் போகும் கேபிள்

கேபிளை ரௌட்டரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் ஃபோனில் கேட்டான், மாடியில் ஸ்விட்ச் பெட்டியின் விளக்கு அணைந்ததா என்று. இல்லை, எரிகிறது என்றாள் மனைவி.

"எந்த ஓட்டைன்னு சரியாப் பாத்தியா? முதல் ஓட்டை."

"நான் கணக்கு டீச்சர். ஒண்ணு எதுன்னு எனக்குத் தெரியும்."

அவன் சிரிக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில், பழைய செருப்புகளுக்கும் காய்ந்த பெயின்ட் டப்பாவுக்கும் நடுவே குந்தியிருந்தான். ரௌட்டரிலிருந்து ஒரே ஒரு கேபிள் சுவருக்குள் பதித்த குழாயில் நுழைந்து, மேலே படுக்கையறையில் வெளிவந்து, அவள் தலைமாட்டில் இருக்கும், நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டியில் முடிகிறது. அவளுடைய லேப்டாப்பும் மாடி வைஃபையும் அந்த ஸ்விட்சை நம்பித்தான் இருக்கின்றன; கீழ் வைஃபை மேலே எட்டாது. இங்கே பிடுங்கினால் அங்கே விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை என்றால் மறுமுனையில் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது.

ஒரு வாரமாகவே தொல்லை. அவள் பாடம் நடத்தும்போது பாதி வாக்கியத்தில் முகம் உறைந்துவிடும். அவளுக்கு இது ஏழாவது மாதம். கழிப்பறைக்குத் தவிர எழவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன தடவை இதே மாதத்தில்தான் போனது. அதை இருவரும் பேசுவதில்லை. படுத்தபடியே வகுப்பு எடுக்கலாம் என்று பள்ளி ஒத்துக்கொண்டது. லைன் சரியில்லை என்றால் அவள் பள்ளிக்குப் போகிறேன் என்பாள். அவள் பிடிவாதம் அவனுக்குத் தெரியும்.

கேபிளைத் தரையில் சுருளாகப் போட்டுவிட்டு வாசல் கேட்டுக்கு நடந்தான். இந்த வீட்டுக்குள் மொபைல் சிக்னல் கிடைக்காது. அவளோடு பேசுவதுகூட வைஃபை வழியாகத்தான். மச்சினனைக் கூப்பிட்டான். கேபிள் இழுத்தது அவன்தான், எலக்ட்ரீஷியன். நடுவில் எங்கோ ஒட்டுப் போட்டு மறைத்திருக்கிறான் என்பது இவன் கணக்கு. அவன் அடித்துச் சொன்னான், ஒரே துண்டு என்று. கீழே நின்று தானே உள்ளே விட்டதாகவும், மேலே ஓர் ஆள் நின்று இழுத்ததாகவும், இரண்டு தரம் சுண்டினால் இன்னும் விடு என்று அர்த்தம் என்றும் விளக்கினான்.

"நம்பிக்கை இல்லன்னா சுவரை உடைச்சுப் பாருங்க மாமா. ஆனா பூசுறதுக்கும் என்னைத்தான் கூப்பிடணும்."

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் லைனைத் திருடுகிறானோ என்று சந்தேகம் தாவியது. சுவரைத் தட்டிப் பார்த்தான். திண்ணென்று இருந்தது. குழாயின் வாயில் முகம் வைத்தான். உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. பிரசவ வார்டு நடைபாதையில் அடிக்குமே, டெட்டாலுக்கு அடியில் இன்னொரு ஈரமான வாடை, அது.

மறுபடி அவளை அழைத்தான். மணி அடிக்கும் முன்பே எடுத்தாள்.

"சொல்லுங்க."

குரல் சுத்தமாக இருந்தது. இந்த ஒரு வாரத்தில் இவ்வளவு தெளிவாகக் கேட்டதே இல்லை. என்னவோ சொல்ல வாயைத் திறந்தவன், தரையைப் பார்த்தான். கேபிள் போட்ட இடத்திலேயே கிடந்தது. எதிலும் செருகப்படாமல்.

அப்படியானால் இவள் எதன் வழியாகப் பேசுகிறாள்?

யாரோ ஒருவனின் வைஃபையைப் பிடித்திருக்கிறாள். பாஸ்வேர்டு எவன் கொடுத்தான்? ஏன் சொல்லவில்லை? அந்தக் கேவலமான எண்ணம்கூட அப்போது அவனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அழைப்பே அறுபடட்டும் என்று ரௌட்டரின் சுவிட்சையே அணைத்தான். பச்சை விளக்குகள் எல்லாம் போயின. ஃபோனில் வைஃபை குறி மறைந்தது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றாள்.

தலைக்கு மேலே, கூரையைத் தாண்டி, படுக்கையறை மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றுவது அவனுக்குக் கேட்டது. எண்ணெய் போடச் சொல்லி மாதக்கணக்காகிறது. ஃபோனில் அந்தச் சத்தம் இல்லை. ஃபோனில் அவள் குரலுக்குப் பின்னால் எதுவுமே இல்லை.

"ஃபேன் சத்தம் ஏன் கேக்கல?"



"இங்க ஃபேன் கிடையாது."



"கொஞ்சம் விடுங்க," என்றது அவள் குரல்.

தரையில் கேபிள் அசைந்தது. சுருளின் ஒரு வளையம் நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. குழாய் அதை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. காலால் மிதித்தான். நின்றது. உள்ளங்காலில் தெரிந்தது. ஒரு தரம் சுண்டியது. இன்னொரு தரம்.

காலை எடுத்துவிட்டான். முனை உள்ளே போயிற்று.

ஓடினான். படிகள். கதவு. கிறீச் கிறீச்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னபடி இடது பக்கம் சாய்ந்து. வாய் மூடியிருந்தது. அவள் ஃபோன் அலமாரியில் கருப்பாகக் கிடந்தது. ஸ்விட்சின் முதல் ஓட்டை காலி. சுவரிலிருந்து வந்த கேபிள் கட்டிலின் மேல் ஏறி, போர்வைக்கு அடியில் போயிருந்தது. சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

போர்வையை விலக்கினான்.

ரத்தம் இல்லை. தொப்புளைச் சுற்றித் தோல் உதடு போல அதைக் கவ்வியிருந்தது. வயிற்றின் உள்ளே வளையம் வளையமாக ஏதோ அடுக்கப்படுவது வெளியே புடைத்துத் தெரிந்தது.

கேபிளை எட்டிப் பிடித்தான். இறுக்கினான். தூக்கத்திலேயே அவள் முகம் கோணியது. முனகினாள். கை வயிற்றுக்குப் போயிற்று. கால்களுக்கிடையே நைட்டியில் சிவப்பாக ஒரு பொட்டு. விரிந்தது.

உள்ளங்கையில் இரண்டு தரம் சுண்டியது.

ஒரு சாண் விட்டான். அவள் முகம் தெளிந்தது. பொட்டு விரிவது நின்றது.

இன்னொரு சாண் விட்டான். சுவரிலிருந்து கேபிள் வந்துகொண்டே இருந்தது. அவன் கட்டிலருகே நின்று, கை மாற்றிக் கை மாற்றி, சிக்கு விழாமல், உள்ளே விட்டுக்கொண்டிருந்தான்.