நாறாத எண்ணெய்

அனிதா வணக்கம்கூடச் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பழைய கைலியை எடுத்து மேசைமேல் விரித்தாள். முழங்கால் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை.

"மோந்து பாருங்க அக்கா" என்றாள்.

தமிழ்மதி குனிந்து முகர்ந்தாள். மூக்கு தானாகச் சுருங்கியது. விபத்தில் அடிபட்ட வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பரிசோதித்துப் பல வருடம் வேலை பார்த்தவள் அவள். மேலதிகாரிகள் கேட்டபடி எழுத மறுத்ததால் அந்த வேலை போயிற்று. இப்போது திருப்பூர் ராயபுரத்து வீட்டில் இருந்தபடி, போலீஸ் காது கொடுக்காதவர்களின் வழக்குகளைப் பார்க்கிறாள். கீழ்வீட்டு ஆட்டோக்காரர் கருப்புசாமி அவளுக்கு உதவியாளர். யாரும் அவரை நியமிக்கவில்லை, அவராகவே சேர்ந்துகொண்டார்.

"அழுகுன முட்டை" என்றார் அவர், தாமும் முகர்ந்து பார்த்துவிட்டு.

"ரெண்டு தடவை சோப்பு போட்டுத் தொவச்சுட்டனுங்க. கறையும் போகல, நாத்தமும் போகல. எங்க ஊட்டுக்காரரு சின்னவரு வண்டிக்கு ஆயில் மாத்துனப்ப கட்டியிருந்த கைலிங்க இது."

அவள் கணவன் டேனியல், அர்த்தநாரியின் நிட்டிங் கம்பெனியில் மிசின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். முதலாளியின் மகன் சதீஷ்குமாரிடம் செயின் இல்லாத வெளிநாட்டு பைக் ஒன்று உண்டு. எஞ்சினின் சக்தியை ஓர் இரும்புத் தண்டு பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும். சக்கரத்தின் நடுவில் சின்னதாக ஒரு கியர் பெட்டி. அதில் எண்ணெய் மாற்றுவது, தண்டின் பல்லுக்குக் கிரீஸ் வைப்பது எல்லாம் முதலிபாளையத்தில் டேனியல் வீட்டு வாசலில்தான் நடக்கும். அங்கே இருவருக்கும் முதலாளி, வேலைக்காரன் என்ற பேதம் கிடையாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மாற்றிய வண்டி, அந்த வாரக் கடைசியில் கொமரலிங்கம் சாலையில் வேகமாகப் போகும்போது பின்சக்கரம் இறுகி நின்றுவிட்டது. சதீஷ்குமாரின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

"ஒர்க்‌ஷாப்ல பெட்டியத் தொறந்தா உள்ளார கம்பெனி மிசினுக்கு ஊத்தற நிட்டிங் ஆயில் இருக்குதாமுங்க. எங்க ஊட்டுக்காரருதான் வேணுமின்னே ஊத்துனாருன்னு பெரியவரு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாரு. கேஸ்கூடப் போகட்டுங்க அக்கா. மொதலாளி பையன் காலை எடுத்தவன்னு போன்ல எல்லாக் கம்பெனிக்கும் பரப்பிட்டாங்க. ஒருத்தரும் கேட்டுக்குள்ள விடமாட்டேங்கறாங்க. பேரு போச்சுன்னா நாங்க எங்கீங்க போவோம்?"

திருப்பூரில் அது உண்மைதான். இங்கே நூலைவிட வேகமாகப் பேச்சு ஓடும்.

ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பெட்டியைத் தமிழ்மதி பார்த்தாள். கியர் பற்கள் தேய்ந்து, கருகிப் பொடிந்திருந்தன. வடித்து வைத்திருந்த எண்ணெயில் விரலை நனைத்தாள். தண்ணீர்போல இருந்தது. இரும்புப் பொடியால் சாம்பல் நிறமாகியிருந்ததே தவிர, வாசனை இல்லை.

"நிட்டிங் ஆயிலேதான்" என்று கருப்புசாமி கிசுகிசுத்தார். "டேனியல் கைக்கு எட்டுற எண்ணெய். அம்மிணி, எனக்கென்னமோ நம்மாளு மேலயே சந்தேகமா இருக்குதுங்க."

"எனக்கு இன்னும் யார் மேலயும் இல்லீங்க" என்றாள் தமிழ்மதி. "வாங்க, பெரியவர் ஊட்டுக்குப் போலாம்."

அர்த்தநாரியின் வீட்டுப் போர்ட்டிகோவில் பைக் நிற்கும் இடம் காலியாக இருந்தது. பக்கவாட்டுக் கொடியில் வெள்ளை வேட்டிகள் காய்ந்தன. அவற்றில் ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் கறை. "விருந்துல குழம்பு சிந்திட்டாரு போல" என்று கருப்புசாமி சிரித்தார்.

அர்த்தநாரி காபி கொடுத்துத்தான் பேசினார். கொங்கு மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"ஆளுங்க முன்னால அவனை ஒரு தடவை வஞ்சு போட்டனுங்க, மிசின் கோளாறுல துணியில ஊசிக்கோடு உழுந்துச்சுன்னு. அதை மனசுல வெச்சுட்டுப் பண்ணிட்டான்."

"நீங்க அந்த வண்டிப் பக்கம் போவீங்களா?"

"தொட்டதே இல்லீங்க. அது பையனோடது. வேலையெல்லாம் அவன் ஊட்டு வாசல்லதான். இருவது வருசமா எங்கிட்ட இருக்கறான், அவன் ஊட்டுப் பக்கம் நான் போனதில்லீங்க." அதைப் பெருமையாகவே சொன்னார்.

"தெரியாம மாத்தி ஊத்தியிருக்கலாமில்லீங்களா?"

"அதெப்படீங்க? நம்ம ஆயில் வெள்ளையா, வாசனையே இல்லாம இருக்கும். அந்தக் கியர் ஆயில் கருமம் கொழகொழன்னு, கொடலைப் பொரட்டற மாதிரி நாறும். குருடனுக்குக்கூட வித்தியாசம் தெரியுமே."

தமிழ்மதி காபியைக் கீழே வைத்தாள்.

உள்ளறையில் சதீஷ்குமார் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவன் மனைவி அனுப்பிரியா தலையணையைச் சரிசெய்துகொண்டே, "அந்தாளு பேரை இங்க எடுக்காதீங்க" என்றாள். அவள் கோபத்தில் பொய்யில்லை.

"டேனியல் ஆயில் ஊத்தறப்ப நீங்க பக்கத்துலயே இருந்தீங்களா தம்பி?"

"இருந்தனுங்க. போன் பார்த்துட்டு இருந்தேன்."

"நாத்தம் ஏதாவது அடிச்சுதா?"

"இல்லீங்க." யோசிக்காமல் பதில் வந்தது. "ஒண்ணுமே அடிக்கல."

"ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் வண்டி எங்க இருந்துச்சு?"

"போர்ட்டிகோவுலதாங்க. கொமரலிங்கம் போற அன்னிக்குத்தான் எடுத்தேன்."

மறுநாள் தமிழ்மதி டேனியலையும் அனிதாவையும் அந்த வீட்டுக்கே அழைத்துவந்தாள். அர்த்தநாரி உட்காரச் சொல்லவில்லை. சதீஷ்குமாரைச் சக்கர நாற்காலியில் அனுப்பிரியா தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஒரே ஒரு நாத்தத்தைப் பத்தித்தான் பேசப் போறேன்" என்று தமிழ்மதி தொடங்கினாள். "கியர் எண்ணெய்ல கந்தகம் கலந்த மருந்து இருக்கும். பல்லும் பல்லும் உரசித் தேயாம காக்கறது அதுதான். கெட்டுப்போய் நாறறதில்ல, புதுசே அப்படித்தான். துணியில பட்டாத் தொவச்சாலும் போகாது. இந்தக் கைலியப் பாருங்க. டேனியல் ஊத்தினது சரியான எண்ணெய்."

"அப்புறம் வந்து மாத்தியிருப்பான்" என்றார் அர்த்தநாரி.

"உங்க போர்ட்டிகோவுலயா? நீங்க இருக்கறப்பவா?" அவள் குரல் உயரவில்லை. "பெட்டிய மூடிட்டா நாத்தம் வெளிய வராதுங்க. டேனியல் ஊட்டு வாசல்ல பக்கத்துல உக்காந்திருந்த தம்பி, நாத்தமே அடிக்கலைங்கறாரு. அங்க கால் வெக்காத, வண்டியத் தொடாத நீங்க, கொடலைப் பொரட்டும்னு சொல்றீங்க. தெரிஞ்சிருக்க வேண்டியவருக்குத் தெரியல. தெரிய வழியே இல்லாதவருக்குத் தெரியுது."

கருப்புசாமிக்குச் சட்டென்று பிடிபட்டது. "கொடியில காஞ்ச வேட்டி" என்றார். "அது குழம்புக் கறை இல்லீங்க."

அர்த்தநாரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அவன் நல்ல எண்ணெய்தான் ஊத்தினானான்னு பாக்கலாமுன்னு தொறந்தனுங்க" என்றார். "அப்படி நாறுச்சு. கெட்டுப்போனதை எங்கியோ சல்லிசா வாங்கி ஊத்திட்டான்னு நெனச்சுப் போட்டேன். எல்லாத்தையும் வடிச்சுட்டு, கம்பெனியில இருந்து புது டின்னு கொண்டாந்து நானே ஊத்தினேன். முப்பது வருசமா அந்த எண்ணெய்லதானுங்க மிசின் ஓட்டறேன். ஒரு ஊசி முறிஞ்சதில்ல."

சந்தேகப்பட்டுத்தான் திறந்திருக்கிறார். இருபது வருடம் கூட இருந்தவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பதில் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. தமிழ்மதிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. உடனேயே ஆத்திரமும் வந்தது.

"தம்பி, நீங்க ஏன் பொய் சொன்னீங்க?"

சதீஷ்குமார் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஆஸ்பத்திரியில அப்பா எங்கிட்டச் சொல்லி அழுதாருங்க. அவரை ஜெயில்ல போட்டுருவாங்கன்னு பயந்துட்டேன். டேனியல் மேல போடலாமுன்னு நான்தான் சொன்னேன்."

அனுப்பிரியாவின் கை நாற்காலியிலிருந்து விலகியது. அவளுக்கு இது புதுச் செய்தி.

"புகாரை வாபஸ் வாங்கிக்கறனுங்க" என்றார் அர்த்தநாரி. "டேனியலு, நாளைக்கே வேலைக்கு வந்துரு கண்ணு."

"கம்பெனியில எல்லாரு முன்னாலயும் சொல்லுவீங்களா, இவரு பண்ணலைன்னு?" என்று அனிதா கேட்டாள்.

"அது எதுக்கு இப்ப? வெளிய தெரிஞ்சா நம்ம குடும்பத்தைப் பத்தி என்ன பேசுவாங்க?"

தம் குடும்பம் என்றதும் அவருக்கு மானம் நினைவுக்கு வந்துவிட்டது. "நீங்க சொல்லாட்டிப் போகுதுங்க" என்றாள் தமிழ்மதி. "ஸ்டேஷன்ல நான் சொல்லிக்கறேன்."

இத்தனை நேரமும் டேனியல் தன்னைப் பற்றிய பேச்சு என்றே தெரியாதவன்போல நின்றிருந்தான். இப்போது சதீஷ்குமாரின் சக்கர நாற்காலிக்கு எதிரே வந்து நின்றான்.

"காலை எடுக்கோணும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, விடிய விடிய என் கையைப் புடிச்சுட்டு அழுதியே சதீசு. என்னை விட்டுப் போயராதேன்னயே. ஊத்துனது உங்கப்பான்னு அப்பவே தெரியுமா?"

சதீஷ்குமார் மனைவியைப் பார்த்தான். அவள் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றான்.

டேனியல் தலையாட்டினான். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான். ஆட்டோவில் ஏறச் சொல்லிக் கருப்புசாமி கூப்பிட்டது காதில் விழாமல், அனிதா பின்னால் ஓடிவருவதையும் பாராமல், மெயின்ரோட்டை நோக்கி நடந்தான்.