இருநூறு கிலோ மாப்பிள்ளை

“கொலை... கொலை! ஐயோ, யாராவது ஓடி வாங்களேன்!”

ஒரு வீட்டின் முதல் மாடியில் துணி காயப் போட வந்த ஓர் அம்மா, கையிலிருந்த ஈரப் போர்வையைத் தெருவிலேயே போட்டுவிட்டு அலறினாள்.

காலை எட்டரை மணி.

எதிரே ஒர்க்‌ஷாப். முற்றத்தில் ஒரு பக்கெட் வண்டி. கரண்ட் கம்பத்தில் வேலை பார்க்கிறவர்களை உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகுமே, அதேதான்.

பக்கெட்டுக்குள் ஒரு குண்டு ஆள். நீலச் சட்டை. மஞ்சள் ஹெல்மெட். தலை வெளியே தொங்குகிறது. வயிறு...

வயிறு ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது!

பன்னிரண்டாவது நிமிடம் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் குதித்தார். ஓடினார். பக்கெட்டில் ஏறி, வயிற்றில் கை வைத்தார்.

விரலில் ஒட்டியது ரத்தமல்ல... மணல்!

“என்னய்யா இது?”

“மாப்பிள்ளை சார்,” என்றபடி வந்தார் முதலாளி. கழுத்தில்லாத உடம்பு. காதுவரை சிரிப்பு.

“உங்க மாப்பிள்ளையா?”

“ஐயையோ, பொம்மை சார்! பாரம் ஏத்தி டெஸ்ட் பண்ற பொம்மை. கேன்வாஸ்ல தைச்சு மணல் ரொப்பினது. இருநூறு கிலோ. நாள் பூரா உட்கார்ந்தே இருக்கும், ஒரு வேலையும் செய்யாது. அதான் மாப்பிள்ளைன்னு பேரு வெச்சேன்!”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை.

அவன்தான் முதலாளியின் நிஜ மாப்பிள்ளை. வீட்டோட மாப்பிள்ளை. கண்ணாடி நார்த் துணியைப் பிசினில் தோய்த்து, உடைந்த ஃபைபரை ஒட்டுகிறவன். கை எப்போதும் பிசுபிசு. பட்டப்பெயரும் பிசின்.

பொம்மைக்கு தினமும், ‘வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை!’ பிசினுக்கு, ‘டேய், இங்க வாடா!’ மாமனார் வீட்டு மரியாதை முழுக்க மணலுக்கே போய்ச் சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

“பொம்மையைக் குத்தினதுக்கு எந்த செக்‌ஷன்லயா கேஸ் போடறது? டிரைவர், வண்டியை எடு!”

“நில்லுங்க சார்!”

பெண் குரல். கழுத்தில் ஹெட்போன் தொங்க வந்து நின்றாள் டிக்டிக் அக்கா. அங்கே டெஸ்ட் செய்து சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுகிறவள்.

“இது பொம்மையைக் கொன்ன கேஸ் இல்ல சார்... ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்த கேஸ்!”

“புரியற மாதிரி சொல்லும்மா.”

“பக்கெட்டைத் தூக்கற இந்த வண்டியோட கை ஃபைபர். போன வாரம் அதுல விரிசல். ஒட்டியாச்சு. இப்ப பத்து மணிக்கு டெஸ்ட். ஆளும் சாமானும் சேர்ந்து நூத்திமுப்பது கிலோ வரும். நாங்க ஒன்றரை மடங்கு ஏத்துவோம், இருநூறு. மேல கம்பியை இழுக்கறப்போ, காத்துல குலுங்கறப்போ, அந்த மிச்சம்தான் சார் உசிரு!”

“ஹெட்போன் எதுக்கு?”

“கை மேல மைக் ஒட்டிக் கேட்பேன். உள்ள ஒரு நார் அறுந்தா ‘டிக்’னு சத்தம் வரும். மூணு டிக் வரைக்கும் பாஸ். அதுக்கு மேல போனா கையெழுத்துக் கிடையாது. இப்ப மாப்பிள்ளை வயித்துல மணல் குறைஞ்சா என்ன ஆகும்? கைக்கு நோகாது. டிக் வராது. நானும் பாஸ்னு போட்டுடுவேன். ரெண்டு மணிக்கு நாப்பதடி உயரத்துல ஒருத்தன் நிப்பான்...”

“யாரு?”

“என் கூடப் பொறந்த தம்பி சார்!”

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“ஏம்மா, டெஸ்ட்டுக்கு முன்னாடி பொம்மையை எடை போட மாட்டீங்களா?”

“மாசா மாசம் ஒண்ணாந்தேதி போடுவேன். போட்டு, கழுத்து ஜிப்புல ஈய சீல் வெச்சிடுவேன். சீல் உடையாத வரைக்கும் மறுபடி போடறதில்ல. என் சீல் மேல எனக்கு அவ்ளோ நம்பிக்கை...”

நம்பிக்கை நல்ல பொருள்தான். தராசு அதைவிட நல்ல பொருள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“சார்! பக்கெட்ல கத்தி!” கான்ஸ்டபிள் குனிந்து எடுத்தார். வளைந்த கத்தி. பிடியெல்லாம் பிசுபிசுப்பு.

துணி வெட்டும் கத்தி. யாருடையது? எல்லோரும் பிசின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

“குத்தினது நீயா?”

பிசின் ஒரு அடி முன்னால் வந்தான். “நான்தான் சார்.”

“அடப்பாவி!” அக்கா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். “என் தம்பி உனக்கு என்னடா கெடுதல் பண்ணினான்? கூடப் பொறந்தவன் மாதிரி உன்கூட சுத்தினானேடா!”

“எடை போட்டுப் பாருங்கக்கா. அப்புறம் திட்டுங்க.”

“போடுங்க சார், போடுங்க!” முதலாளி துள்ளினார். “மணலைச் சுரண்டியிருக்கான் திருட்டுப் பய! உண்ட வீட்டுக்கு ரெண்டகம்! எல்லாம் என் பொண்ணு தலையெழுத்து. டேய், தராசைக் கொண்டாங்கடா!”

பாரம் தூக்கும் செயின் பிளாக் கடகடத்தது. தொங்கு தராசில் மாப்பிள்ளை அந்தரத்தில் ஆடினார். முள் ஓடியது... ஓடியது... நின்றது.

நூற்றுத் தொண்ணூற்றாறரை!

தரையில் கொட்டிக் கிடந்த மணலைக் கூட்டி அள்ளி, அதையும் தராசில் போட்டாள் அக்கா. மூன்றரை.

“மொத்தம் இருநூறு,” என்றாள் குழப்பத்தோடு. “ஒரு கிராம்கூடக் குறையலையே!”

“இருநூறா? அதெப்படி?” முதலாளி அலறினார். “நூத்தியிருபதுல்ல இருக்கணும்!”

செயின் கிறீச்சிட்டது.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். “நூத்திப்பத்து இல்ல... நூத்திமுப்பது இல்ல... கரெக்டா நூத்தியிருபது. எப்படி சார்?”

“அது... சும்மா... ஒரு குத்துமதிப்பா...”

“நான் சொல்றேன் சார்.” பிசின் பொம்மையைத் திருப்பினான். முதுகுத் தையலில் பளிச்சென்று புது நூல்! “அக்கா, நீங்க கழுத்துக்கு சீல் வெச்சீங்க. மாமா முதுகு வழியா வந்துட்டாரு.”

“பொய்! அபாண்டம்!”

“எண்பது கிலோ மணல் வெளிய போச்சு சார். போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மொட்டை மாடியில பதினாலு பூந்தொட்டி ஒரே நாள்ல ரொம்பிச்சு. செடின்னா காததூரம் ஓடற மனுஷன் ஆச்சேன்னு எனக்கு அப்பவே உறுத்திச்சு. மணல் போன இடத்துல இதைத் திணிச்சிருந்தாரு.”

மூலையிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டான். பழைய பனியன்கள்!

இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்து விரித்தார். முதலாளியின் மேல் வைத்துப் பார்த்தார். தொப்பைக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது.

“இந்த சைஸ்ல ஊர்ல வேற ஆள் இருக்காங்களா சார்?”

முதலாளி தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அப்ப நீ வயித்தைக் கிழிச்சது எதுக்கு?” இன்ஸ்பெக்டர் பிசினிடம் திரும்பினார்.

“பனியனை எடுத்துட்டு எண்பது கிலோ இரும்பு நட்டு ரொப்பினேன் சார். விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டேன். தைக்க நூல் எடுக்க உள்ள போனேன். அதுக்குள்ள அந்தம்மா கத்திட்டாங்க.”

“வாயைத் திறந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா!” என்றாள் அக்கா. அவள் கை இப்போது சட்டையை விட்டிருந்தது.

பிசின் தரையைப் பார்த்தான். “பயம்தான்க்கா. மாமாவுக்கு எதிராப் பேசினா நானும் என் பொண்டாட்டியும் தெருவுலதான் நிக்கணும். சொல்லாம விட்டா உங்க தம்பி போயிடுவான். மூணு நாளா தூக்கமே இல்லக்கா. எனக்குத்தான் வாயில்ல, மாப்பிள்ளையாவது பேசட்டும்னு விட்டுட்டேன்.”

“கதை நல்லா இருக்கு!” முதலாளி கடைசியாக ஒரு முறை உறுமினார். “அதனால என்ன இப்ப? கை நல்லாத்தான் இருக்கு. கரண்ட் பாயுதான்னு பார்க்கற டெஸ்ட் நேத்தே பாஸ்!”

“கரண்ட்டுக்குக் காய்ஞ்ச பூச்சும் ஒண்ணு, கண்ணாடி நாரும் ஒண்ணு முதலாளி,” என்றாள் அக்கா. “பாரம் ஏறினாத்தான் வேஷம் கலையும்.”

ஹெட்போனை மாட்டினாள்.

நாலே தையலில் மாப்பிள்ளையின் வயிறு மூடப்பட்டது. பக்கெட்டில் ஏற்றினார்கள். கை படுக்கை வாட்டில் நீண்டது. கீழே பழைய டயர்கள். எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்.

ஒரு நிமிடம்.

“டிக்,” என்றாள் அக்கா.

இரண்டாவது நிமிடம்.

“டிக்... டிக்.”

“மூணு! மூணுதான்! பாஸ், பாஸ்!” முதலாளி கை தட்டினார்.

“டிக்...” அக்காவின் முகம் வெளுத்தது. “டிக்டிக்டிக்டிக்... எல்லாரும் பின்னாடி போங்க!”

பட்டார்!

ஃபைபர் கை நடுவில் மடங்கியது. மாப்பிள்ளை தலைகுப்புற டயர் மேல் விழுந்தார். வெள்ளை பெயின்ட் செதில் செதிலாய் உதிர்ந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி உருண்டு வந்து இன்ஸ்பெக்டரின் ஷூவில் முட்டி நின்றது.

“இது என்ன?”

“கார் பட்டி சார்,” என்றான் பிசின். “ஒடுங்கின காருக்குப் பூசறது. பழசைத் தேய்ச்சு எடுத்துட்டு அடுக்கடுக்கா நார் ஒட்டணும், நாலு நாள் ஆகும்னு சொன்னேன். நாலு நாள் விட்டா வேலை வேற ஒர்க்‌ஷாப்புக்குப் போயிடும்னு, நான் இல்லாதப்போ இவரே பூசி பெயின்ட் அடிச்சிட்டாரு.”

வாசல் கேட் அருகே ஏதோ விழுந்தது. ஹெல்மெட். வண்டியை எடுத்துப் போக முன்கூட்டியே வந்த லைன்மேன், மடங்கிய கையையும் குப்புறக் கிடந்த பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அக்கா... அதுல நான்தானே ஏற இருந்தேன்?”

அக்கா ஓடினாள். தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கு அடி, எதற்கு அழுகை என்று அவனும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பட்டிக் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றினார்.

“தெரிஞ்சே ஒரு ஆளைச் சாக அனுப்பப் பார்த்திருக்கீங்க. அதுக்கு செக்‌ஷன் இருக்கு சார். கவலைப்படாதீங்க. ஏறுங்க வண்டியில!”

முதலாளி ஏறினார். ஜீப் ஒரு பக்கம் சாய்ந்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினார்.

“மாமனாரையே போலீஸ்ல மாட்டி விட்டுட்டியேடா! நீயெல்லாம் ஒரு மாப்பிள்ளையா?”

பிசின் டயர்மேல் கிடந்த பொம்மையின் தலையை நிமிர்த்தி, ஹெல்மெட்டைச் சரி செய்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல் முறையாக மாமனாரைப் பார்த்துச் சிரித்தான்.

“ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்தே இருக்கறதுதானே மாமா மாப்பிள்ளை உத்தியோகம்? நாங்க ரெண்டு பேரும் பார்த்துக் களைச்சுட்டோம்... இனிமே கொஞ்ச வருஷம் நீங்க உள்ள உட்காருங்க!”