அறுபதாவது காலடியில் ஒரு கோடு

ஹேட்டி ஒரு பொய் சொன்னாள். வாயால் அல்ல, பென்சிலால்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்கு அவள் குடும்பம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மதிய இடைவேளையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போவாள். பள்ளிக் கதவருகே சுவரோடு சுவராக நிற்பாள். மணி அடித்ததும் உள்ளே வந்துவிடுவாள். யாரும் அவளை விரட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அது எவ்வளவு வலிக்கும் என்று, அப்படி நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அறிவியல் ஆசிரியர் ஹால்வர்சன் வீட்டுப்பாடம் கொடுத்தார்.

"இன்னைக்கு இடைவேளையில எங்கெங்க இருந்தீங்கன்னு கிராஃப் போட்டுக்கிட்டு வாங்க. குறுக்கே போற கோட்டுல நேரம். மேல போற கோட்டுல, கதவுலேர்ந்து எத்தனை காலடி தூரம். பேர் எழுத வேண்டாம். யார் என்ன பண்ணாங்கன்னு பார்த்துக் கண்டுபிடிப்போம்."

உள்ளதை வரைந்தால் அடியோடு ஒட்டிக் கிடக்கும் கோடுதான் வரும். மானம் போய்விடுமே! ஹேட்டி கோட்டை இஷ்டத்துக்கு மேலும் கீழும் துள்ளவிட்டாள்.

மறுநாள் இரண்டு பிரிவு மாணவர்களின் தாள்களும் சுவரில் தொங்கின.

"அடேங்கப்பா! இவன் மலையே ஏறியிருக்கான்!" என்றான் அவள் வகுப்புப் பையன் ப்ரோடி, ஹேட்டியின் தாளைப் பார்த்து.

"மலை இல்லப்பா. மேல போனா கதவை விட்டுத் தள்ளிப் போறாங்க. கீழ வந்தா திரும்பி வர்றாங்க" என்றார் ஆசிரியர்.

"அப்போ செம ஓட்டம் சார்!"

ஹேட்டிக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

"ஐயோ, இதைப் பாருங்கடா! இவன் தூங்கிட்டான்!" என்று ப்ரோடி இன்னொரு தாளைக் காட்டினான்.

அந்தக் கோடு கொஞ்சம் ஏறி, அறுபதைத் தொட்டு, அதன்பின் அப்படியே படுத்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஹேட்டியால் சிரிக்க முடியவில்லை. யாரோ இடைவேளை முழுக்க ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்கள். அதை மறைக்காமல் வரைந்தும் இருக்கிறார்கள். தனக்கு ஏன் அந்தத் தைரியம் வரவில்லை?

அன்று மதியம் அவள் சுவரை விட்டு நகர்ந்தாள். கதவிலிருந்து நேராக அறுபது காலடி எண்ணி நடந்தாள். தோளில் ஒரு பனி உருண்டை வந்து விழுந்தது.

"ஏய், விளையாடுற இடத்துல நடுவுல நிக்காத!" என்று பனி எறிந்து விளையாடிய ஒருவன் கத்தினான்.

அங்கே தனியாக யாருமே இல்லை. ஹேட்டிக்கு அழுகை முட்டியது. பிறகு பட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். எவ்வளவு தூரம் என்றுதானே அந்தக் கோடு சொன்னது? எந்தப் பக்கம் என்று சொல்லவில்லையே!

கதவை அதே தூரத்தில் வைத்துக்கொண்டு சுற்றி நடந்தாள். ஊஞ்சலைத் தாண்டினாள். சறுக்குமரத்தைத் தாண்டினாள். விளையாட்டுச் சாமான் கொட்டகைக்குப் பின்னால், புருவம் வரை தொப்பியை இழுத்துவிட்ட ஒரு பையன் பனிக்கட்டியை உதைத்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பிரிவு ஏமஸ்.

"அறுபதா?" என்று கேட்டாள்.

அவன் திருதிருவென்று விழித்தான். "அம்பத்தொம்போது. ஒண்ணு கூட்டிப் போட்டுட்டேன். நீ யாரு?"

"ஹேட்டி. அந்தத் துள்ளுற கோடு என்னுது. அது பொய்."

"தெரியும்."

"எப்படி?"

"ஒரு இடத்துல கோடு நெட்டுக்குத்தா மேல போகுது. நேரமே ஆகாம கதவுலேர்ந்து வேலிக்குப் போயிட்ட. பேய்தான் அப்படிப் போகும்."

ஹேட்டி சிரித்துவிட்டாள். இந்த ஊருக்கு வந்தபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"நெஜமா நீ எங்க நின்ன?"

"பூஜ்யத்துல. கதவு பக்கத்துல."

"அங்க காத்து ஆளைக் கொல்லுமே! இங்க வந்து நில்லு. கொட்டகை மறைச்சுக்கும்."

அடுத்த வாரம் மறுபடி கிராஃப் போடச் சொன்னார் ஆசிரியர். இந்த முறை ஹேட்டி உள்ளபடியே வரைந்தாள். பூஜ்யத்திலிருந்து சாய்வாக ஏறி, ஐம்பத்தொன்பதில் நின்று, மணி அடிக்கும்வரை நேராகப் போனது கோடு.

"இங்க ஒண்ணு சும்மா நிக்குது பாரு!" என்றான் ப்ரோடி.

"அது என்னுது" என்றாள் ஹேட்டி. "சும்மா நிக்கல. பேசிக்கிட்டிருந்தோம்."