ஈஸ்டர் வரைக்கும் உருகக் கூடாது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மெல்ரோய் தன் அறை மின்விசிறியைத் திருத்தினான். மின்விசிறி திருந்தவில்லை. ஆனால் மேல்மாடி வீட்டு ஃப்ரீசர் செத்துப்போனது.

கவனமில்லாத பையன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கரண்ட் அடித்துத் தான் போய்விட்டால் கொட்டாஞ்சேனையில் அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்து, கீழே படிக்கட்டடியில் மீட்டர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்துதான் விசிறியில் கை வைத்தான். போன வருடம் சுவருக்குப் பெயின்ட் அடித்தவர்கள் வீட்டு இலக்கங்களையும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார்கள். அவன் இடப்பக்கமிருந்து எண்ணினான். வலப்பக்கமிருந்து எண்ணியிருக்க வேண்டும். அவ்வளவுதான் பிழை.

பாதியில் அம்மா போன் எடுத்து, "மகன், பூசைக்கு நேரமாச்சு!" என்றாள். ஸ்க்ரூட்றைவரை மீட்டர்ப் பெட்டி மேல் வைத்துவிட்டுக் கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்கு ஓடினான். சுவிட்சைப் பின்னேரம் போட்டுக்கொள்ளலாம்... அவனுடைய பிரிட்ஜில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? ஒரு தண்ணீர்ப் போத்தல், முகம் சுருங்கிய ஒரு தேசிக்காய்.

பின்னேரம் வெள்ளவத்தையில் மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை உதறியபடி வந்தவன், படிக்கட்டில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒழுகி வருவதைப் பார்த்தான். மணம்... சொக்லேட்! சொக்லேட் ஒழுகும் படிக்கட்டு சொர்க்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஏறினான். மேலே ஒரு பெண் நின்றாள். ஒரு கையில் துடைக்கிற துணி. மறு கையில் அவனுடைய மஞ்சள் பிடி போட்ட ஸ்க்ரூட்றைவர்.

"இது ஆற்ற?" என்றாள்.

"ஐயோ, என்ட! எங்க கிடைச்சிச்சு? ரொம்பத் தேங்ஸ்!"

நன்றியோடு கை நீட்டினான். இப்படிச் சிரித்துக்கொண்டே தூக்குமேடைக்கு நடந்தவன் கொழும்பிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"மீட்டர்ப் பெட்டிக்கு மேல கிடந்தது. நாங்கள் வெளியில போயிட்டு இப்பதான் வந்தம், எங்கட மெயின் சுவிட்ச் இறங்கிக் கிடந்தது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் எண்டு விளங்கப்படுத்துறியளே?"

"நான்... என்ட சுவிட்சத்தான்..."

"உங்கட பாத்ரூமில காலமையில இருந்து லைட் எரியுது."

எரிந்தது. அணைக்க மறந்த அந்த விளக்கு அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் அவளைப் பார்த்தான். மழைக்கு முந்திய கடலைப்போலக் கறுத்து, ஆழமாகி, எந்த நேரமும் பொங்கலாம் என்ற கண்கள்... இந்தக் கண்கள் திட்டுவதற்காகவாவது இன்னும் கொஞ்ச நேரம் தன்னைப் பார்க்கட்டும் என்று அவனுடைய வெட்கங்கெட்ட மனம் ஆசைப்பட்டது.

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். கையில் கோப்பையும் கரண்டியும்.

"பிள்ளை, உருகினாலும் ருசி போகேல்லை."

"அப்பா! உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒண்டுதான்!"

"உருகினதை எப்பிடியம்மா எண்ணுறது?"

அவர் குணநாயகம். ஓய்வுபெற்ற தபால் அதிபர், ஓய்வு பெறாத சீனி வருத்தக்காரர். அவள் உஷாந்தி. காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அம்மா பேரனைப் பார்க்கக் கனடா போயிருக்க, அப்பா உலாத்தப் போகிறேன் என்று கடைகளில் சொக்லேட் வாங்கித் தின்று பிடிபட்டார். ஏசிப் பயனில்லை என்று அவளே வீட்டில் செய்யத் தொடங்கினாள். நல்லாய்க் கனிந்த கோழிக்கூட்டு வாழைப்பழம், சுடுநீரில் ஊறிய பேரீச்சம்பழம், கொக்கோத் தூள், கட்டியான தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு. பிளெண்டரில் அடித்து, அச்சில் ஊற்றி, மேலே வறுத்த கஜுப் பருப்பைத் தூவி உறைய வைப்பாள். சீனி ஒரு மணிகூடக் கிடையாது. "பேரீச்சம்பழமும் இனிப்புத்தான்" என்று அப்பாவுக்கு அளந்துதான் கொடுப்பாள். இப்போது அந்த ஒரு கிழமை உழைப்பு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

மெல்ரோய் துணியை வாங்கி மூன்றாம் மாடியிலிருந்து தரைவரை துடைத்தான். கடைசிப் படியில் நிமிர்ந்து கேட்டான்.

"இன்னும் கோவமா?"

"பாப்பம்" என்றாள் உஷாந்தி.

அதுதான் அவளிடமிருந்து அவன் வாங்கிய முதல் 'பாப்பம்'. பிறகு அது மழைபோலப் பெய்தது.

அடுத்த நாள் எல்லா சுவிட்சுக்கும் கீழே கறுப்பு மையில் இலக்கம் எழுதியிருந்தது. அவனுடையதுக்குக் கீழே 'மெல்ரோய்'. அவளுடையதுக்குக் கீழே 'மெல்ரோய் தொடக் கூடாது'. தண்டனையும் விதிக்கப்பட்டது. வேலை முடிந்து வரும்போது சந்தையில் வாழைப்பழம் வாங்கிவர வேண்டும். பேரீச்சம்பழத்துக் கொட்டை எடுக்க வேண்டும். செய்ததை ருசி பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும்.

"அப்பாவை நம்பேலாது. அவர் ஐஸ் கட்டியைக் குடுத்தாலும் சுப்பர் எண்டுவார். நீங்கள்தான் சொல்லோணும்."

முதல் இரண்டும் சந்தோஷம். மூன்றாவதில்தான் அவன் மாட்டிக்கொண்டான். ஏனென்றால் அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு.

ஜனவரியில் அம்மா இமெல்டாவுக்கு இருதயத்தில் ஒப்பரேஷன். அந்தக் காலையில் கோயிலில் மாதாவுக்கு முன் முழங்காலில் நின்று, அம்மா பிழைத்தால் இந்தத் தவக்காலம் முழுக்க இனிப்பை வாயில் வைப்பதில்லை என்று நேர்ந்துகொண்டான். அம்மா பிழைத்தாள். பிழைத்ததோடு நிற்காமல், எழுந்து உட்கார்ந்த அன்றே அவனுடைய தலைமயிர் நீளம் என்று ஏசினாள். அந்த ஏச்சைக் கேட்டு ஆஸ்பத்திரி நடைபாதையில் அழுதவன் அவன். பியரை விடுகிறேன் என்று போன வருடம் சொன்னது முதல் ஞாயிறே கவிழ்ந்தது. இதை மட்டும் கவிழ்க்கக் கூடாது.

சரி, அதை உஷாந்தியிடம் சொன்னால் என்ன? அங்கேதான் சிக்கல். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று பாதர் பிரசங்கத்தில் சொன்னார், நோன்பை ஊருக்குச் சொல்லிப் பெருமையடிக்கிறவன் தன் கூலியை இங்கேயே வாங்கிவிட்டான் என்று. வாழ்க்கையில் மெல்ரோய் தூங்காமல் கேட்ட ஒரே பிரசங்கம் அது. கேட்டதும் வினையாய்ப் போயிற்று. ஆகவே அவன், "வீட்ட போய் ஆறுதலா சாப்பிடுறேன்" என்று துண்டுகளை வாங்கிப் போய், ஒரு பெட்டியில் போட்டு, தன் ஃப்ரீசரில் அடுக்கி வைத்தான். ஈஸ்டர் வரைக்கும் உருகாமல் இருந்தால் போதும்.

"எப்பிடி?" என்பாள் அவள் மறுநாள்.

"சுப்பர்."

"நேற்றையானும் சுப்பர் எண்டனீங்கள்."

"அது சுப்பர். இது... சுப்பருக்கு மேல."

அவள் சந்தேகமாகப் பார்ப்பாள். பிறகு உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்து, வந்தது தெரிந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு ஓடிவிடும். பிளெண்டர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் கதைப்பார்கள். ஒருநாள் அவள் கன்னத்தில் கொக்கோத் தூள் ஒட்டியிருந்தது. சொல்வதா, துடைப்பதா... இரண்டுக்கும் தைரியமில்லாமல் அவன் தன் கன்னத்தையே துடைத்துத் துடைத்துக் காட்டினான். "என்ன, நுளம்பு கடிக்குதோ?" என்று கேட்டாள். குணநாயகம் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தபடி இருமினார்.

"சண்டே கடற்கரைப் பக்கம் நடக்கப் போவமா?"

"பாப்பம்."

"அம்மாட்ட உங்களப் பத்திச் சொன்னேன். பாக்கோணும் எண்டாங்க."

"பாப்பம்."

ஈஸ்டர் நெருங்கி, பெரிய வியாழனுக்கு முந்திய கிழமை உஷாந்தி மூக்கு அடைத்துக்கொண்டு, கண் கலங்கி வந்து நின்றாள். கையில் ஒரு துண்டு.

"எனக்குத் தடிமன். ருசி ஒண்டும் தெரியேல்லை. நாளைக்கு நளீபா ஆன்ரியின்ர கடைக்கு சாம்பிள் குடுக்கவேணும். அவ பிடிச்சுதெண்டால் கடை ஃப்ரீசரில எங்கட சாமானுக்கு ஒரு தட்டு தருவா. மெல்ரோய்... மருந்துக்கடையில சீனி வருத்தத்துக்குக் குளிசை வாங்கிற சனம், றோட்டைக் கடந்து நேரா அங்க போய் டொபி வாங்குது. அவைக்கு எண்டு ஒரு தட்டு. உங்கட நாக்கைத்தான் நம்பியிருக்கிறன்."

முதல் தடவையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். அவன் துண்டை உதட்டருகே கொண்டுபோனான். ஒரு கடி... யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரி நடைபாதை ஞாபகம் வந்தது. கை இறங்கிவிட்டது. அவள் அதற்குள் திரும்பித் தும்மிக்கொண்டிருந்தாள்.

"தேன் மாதிரி இருக்கு" என்றான்.

மறுநாள் மழை கொட்டியது. நனைந்தபடி அவன் கதவைத் தட்டினாள் உஷாந்தி.

"அம்மா கனடாவில இருந்து போன் எடுத்த குழப்பத்தில பேரீச்சம்பழம் போட மறந்திட்டன். நீங்கள் வாங்கின வாழைப்பழமும் பாதி காய். நளீபா ஆன்ரி என்ன சொன்னவ தெரியுமே? 'என்ன புள்ள இது, மருந்தா, மிட்டாயா? வாப்பா குடிக்கிற கசாயம் மாதிரி ஈக்குது.' கடையில நாலு பேருக்கு முன்னால."

"உஷாந்தி..."

"தேன் மாதிரி எண்டனீங்கள். நீங்கள் வாயில வைக்கவே இல்லை. ஒரு நாளும் வைக்கேல்லை, என்ன?"

இந்த நேரத்தில் நேர்த்தியைச் சொன்னால், செய்த பிழைக்கு மாதாவை முன்னால் நிறுத்தி ஒளிந்துகொள்வதுபோல இருக்கும் என்று அவனுக்கு ஒரு ரோஷம். வேண்டாத இடத்தில் வரும் ரோஷம்.

"பிடிக்கேல்லை எண்டால் நேரா சொல்லியிருக்கலாம்" என்றாள். குரல் உடைந்தது. தடிமனாக இருக்கும் என்று நம்ப அவனுக்கும் ஆசைதான்.

அதன்பிறகு வாழைப்பழம் வாங்கத் தேவையில்லாமல் போனது. மாலைகளில் மேலே பிளெண்டர் சத்தம் இல்லை. அதைவிடச் சத்தமான அமைதியை அவன் கேட்டதில்லை.

உயிர்த்த ஞாயிறு, ஈஸ்டர் அதிகாலை. கொட்டாஞ்சேனையில், வாசலில் பொலீசுக்குப் பையைத் திறந்து காட்டிவிட்டு எல்லோரும் கோயிலுக்குள் போனார்கள். அம்மா அவன் தோளைப் பிடித்து மெதுவாக நடந்தாள். பூசை முழுக்க அவள் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தான். போதும் ஆண்டவரே, இதுக்கு மேல ஒண்டும் கேக்கமாட்டேன் என்றான். வெளியே வரும்போதே உஷாந்திக்காக ஒன்று கேட்டுவிட்டான்.

"என்ன மகன், முகம் இப்படி?" என்று அம்மா விசாரிக்க, எல்லாவற்றையும் கொட்டினான். இமெல்டா நடுவீதியில் நின்றுவிட்டாள்.

"மடையா. பெருமையடிக்கத்தான் கூடாது எண்டார் பாதர். பொய் சொல்லச் சொன்னாரா?"

இந்தக் கோணத்தில் அவன் யோசித்திருக்கவில்லை.

அவன் உஷாந்தியின் வீட்டுக் கதவைத் தட்டியபோது கையில் ஃப்ரீசர் பெட்டி இருந்தது. கதவைத் திறந்த குணநாயகம் ஒன்றும் கேட்காமல் மேசைப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டார். உஷாந்தி குசினி வாசலில் நின்றாள். கண்களில் அதே கடல்.

பெட்டியைத் திறந்தான். அவள் தந்த துண்டுகள் எல்லாம், தந்த வரிசையிலேயே.

"நான் பொய் சொன்னேன். ஒண்டையும் சாப்பிடல்ல. அம்மாட ஒப்பரேஷனுக்கு இனிப்பைத் தொடமாட்டேன் எண்டு நேர்ந்தேன். அது நேர்த்தி. உங்களுக்குச் சொல்லாம விட்டது என்ட முட்டாள்தனம். நேத்தோட முடிஞ்சுது. இப்ப உங்களுக்கு முன்னால சாப்பிடுறேன். உண்மை சொல்றேன்."

அவள் வாசலைவிட்டு அசையவில்லை. அவன் முதலாவதைக் கடித்தான்.

"உப்பு கூடிப்போச்சு."

அடுத்தது. "பல்லு உடையுது." அடுத்தது. "கஜு கருகியிருக்கு." கடைசியில் இருந்ததை எடுத்தான். முகம் கோணியது. "இது நளீபா ஆன்ரிக்குக் குடுத்தது. அவங்க மரியாதையாத்தான் சொல்லியிருக்காங்க."

அடக்கமுடியாமல் அவளிடமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்னொன்றை எடுத்தான். கடித்தவன் அப்படியே நின்றான். குளிர் முதலில் நாக்கில் பட்டு, பின்னாலேயே கொக்கோவின் மெல்லிய கசப்பு வந்து, அது கரைய, வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் தேங்காய்ப்பாலும் ஒன்றாக... தவக்காலம் முழுக்கக் காத்திருந்த நாக்கு. அவன் கண் கலங்கியது.

"இது..." என்றான். "இது அம்மாவுக்கு ஒரு துண்டு கொண்டுபோகோணும் போல இருக்கு."

உஷாந்தி வந்து அவனெதிரே உட்கார்ந்தாள். மிச்சத்தை அவன் கையிலிருந்து வாங்கித் தானும் ஒரு கடி கடித்தாள்.

"கொக்கோ பாதி போட்டது. நாள் கிழமை ஞாபகமிருக்கு" என்றாள் மெதுவாக. "நாளைக்கு இதைச் செய்து நளீபா ஆன்ரியிட்டத் திரும்பப் போவன். திட்டினாலும் பரவாயில்லை."

"நானும் வாறேன். கசாயத்துக்கு நான்தான் காரணம் எண்டு சொல்றேன்."

"சொல்லத்தான் வேணும்." மேசையில் இருந்த பெட்டியை நேராக்கினாள். "உங்கட அம்மா... இப்ப நல்லா இருக்கிறாவோ?"

"நல்லா இருக்காங்க. இண்டைக்கு நடுறோட்டுல வச்சு ஏசினாங்க."

குணநாயகம் பெட்டியை நோக்கிக் கை நீட்டினார். "அப்பா, ஒண்டு!" என்றாள் திரும்பாமலே. அவர் இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு பல்கனிக்கு நகர்ந்தார். போகும்போது கதவையும் சாத்தினார். நல்ல மனிதர்.

மெல்ரோய் கைகளைத் துடைத்துக்கொண்டான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உஷாந்தி, இனிமேல் பொய்யில்ல. அதனால இதையும் சொல்றேன். உங்கட சுவிட்ச பிழையா இறக்கினதுக்கு நான் ஒவ்வொரு நாளும் ஆண்டவருக்கு நன்றி சொல்றேன். உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

வெளியே மழை பிடித்தது. அவள் குனிந்து மேசையில் உருகிய ஒரு துளியை விரலால் தொட்டாள். நிமிர்ந்தாள். உதடுகள் குவிவதைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் பழைய சொல்தான்...

"பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதீங்க, ப்ளீஸ்."

அவள் சிரித்தாள். கண்களில் கடல் தெளிந்து வெளித்திருந்தது.

"ஓம்" என்றாள்.