எண்ணூறு ஏப்பம்

அந்தத் தெருவில் யார் வீட்டிலும் கடிகாரம் தேவைப்படவில்லை. காலை ஒன்பது மணிக்கு மூலை வீட்டுப் பட்டறையில் முதல் பாட்டில் வெடிக்கும். பதினொன்றுக்கு இரண்டாவது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மூன்றாவது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை அந்த மூன்றாவது சத்தத்தைக் கேட்காமல் வாயையே திறக்காது.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கார் நிறுத்துகிற இடம்தான். அங்கே காரைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. நடுவில் பாட்டில் ஊதும் மிஷின் ஒன்று நின்றது.

அந்த மிஷினுக்குத் தீனி, விரல் நீளத்தில் தடித்த ஒரு குட்டிக் குழாய். மேலே மூடி திருகுவதற்கு மரை இருக்கும். அடிப்பக்கம் மூடியிருக்கும். அதை ஹீட்டர் விளக்குகளுக்கு முன்னால் சூடாக்கி இளக வைத்து, அச்சுக்குள் நிறுத்தி, ஒரு கம்பியால் நீட்டிக் காற்றை ஊதினால் 'புஸ்' என்று பாட்டிலாகிவிடும். மற்ற பட்டறைகளில் இந்தக் குழாயை ப்ரிஃபார்ம் என்பார்கள். இந்த வீட்டில் மட்டும் அதற்குப் பெயர் பிஞ்சு.

பெயர் வைத்தவள் திருகாணி. அவளுக்கு வயது பத்து. எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவாள், நுழைந்த பிறகு வெளியே எடுப்பது கஷ்டம். அதனால்தான் அவளுக்கும் அந்தப் பெயர்.

மிஷினை ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா. கூடவே இருப்பவர் சித்தப்பா. அண்ணன் தம்பி இருவரும் நேருக்கு நேர் பேசி ஒரு மாதம் ஆகிவிட்டது. அதற்குக் காரணம் சோப்பு மேடம்.

இங்கே பாட்டில் வாங்குகிற சோப்பு மேடம் புதிதாக ஒரு தரைக் கறை நீக்கி தயாரித்திருந்தார். அது எப்படிப்பட்டது என்றால், ஒரு சொட்டு தரையில் சிந்தியதில் அந்த இடம் கண்ணாடியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் அங்கே குனிந்துதான் தலை வாரிக்கொள்கிறார். அதில் நடந்த எறும்புகள் வழுக்கி விழுந்து, இப்போது கைகோத்துக்கொண்டுதான் போகின்றன.

ஆனால் பாட்டிலுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே மாதத்தில் பாட்டிலில் தலைமுடி போல விரிசல் விட்டு, கறை நீக்கி கசிந்தது.

"இந்த பிளாஸ்டிக் தாங்காது. வேற பிளாஸ்டிக்ல ஊதணும்" என்றார் சித்தப்பா. எங்கோ தேடி ஒரு புது பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தார். அதில் செய்த ஒரு துண்டைக் கறை நீக்கியில் ஒரு மாதம் ஊறப் போட்டார். துண்டு போட்டபடியே கிடந்தது.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இருபது வருஷமாக ஒரே பிளாஸ்டிக்கை ஊதியவர் அவர்.

"திருகாணி! உங்கப்பாகிட்ட சொல்லு, புதுசுக்குச் சூடு கூட வேணும்னு" என்றார் சித்தப்பா.

அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

"உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, இருபது வருஷமா எனக்குச் சூடு சொல்லிக் கொடுக்க ஆள் தேவைப்படலைன்னு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நான் எதுக்கு நடுவுல தபால் கொடுத்துக்கிட்டு?" என்றாள் திருகாணி.

அதற்கு இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. யார் மூலமாகச் சொல்வது என்று தெரியவில்லை போலும்.

அன்று சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்குச் சோப்பு மேடம் வருகிறார். புது பிளாஸ்டிக்கில் ஐம்பது பாட்டில் அவருக்குக் காட்ட வேண்டும்.

வாசலில் சித்தப்பாவின் பை கட்டித் தயாராக இருந்தது.

"பாட்டில் நல்லா வந்தா இங்கேயே இருக்கேன். வரலைன்னா ஆறு மணி ரயில். பெரிய ஆலையில வேலை இருக்கு, கூப்பிடறாங்க" என்றார் சித்தப்பா.

திருகாணி அந்தப் பையை முறைத்துப் பார்த்தாள். கணக்குப் பாடத்தைக் கழுதைக் குரலில் சொல்லித் தர இந்த உலகத்தில் சித்தப்பாவை விட்டால் ஆள் கிடையாது. அந்தக் குரலில் கேட்டதால்தான் வகுத்தல் அவளுக்குப் புரிந்தது.

மதியம் ஒரு மணிக்கு சித்தப்பா புதுப் பிளாஸ்டிக்குக்கு ஏற்றபடி சூட்டைக் கூட்டி மிஷினை ஓட்டினார். அப்பா எங்கேயோ பார்ப்பது போல நின்று மிஷினையே பார்த்தார்.

முதல் பாட்டிலுக்குத் தொந்தி விழுந்திருந்தது. இரண்டாவதற்கு முதுகில் தொந்தி. மூன்றாவது பால் போல வெளுத்து, துவண்டு, மன்னிப்புக் கேட்பது போல வளைந்து நின்றது. நான்காவது மட்டும் அழகாக வந்தது. ஐந்தாவது வெடித்தது.

அது வெடிக்க வேண்டிய நேரமே இல்லை. தெரு முனையில் முடிதிருத்துபவர் திடுக்கிட்டதில் ஒருவருடைய மீசையில் பாதி போய்விட்டது. அவர் மீதிப் பாதியையும் எடுக்கச் சொல்லிவிட்டார். பத்து வயது குறைந்து போய்க் கதவைத் தட்டியவரை வீட்டில் இருந்தவர்கள், "அவர் வெளியே போயிருக்கார், அப்புறமா வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள்.

பதினொன்று ஊதியதில் மூன்றுதான் தேறின.

"நான் சொல்லலை?" என்றார் அப்பா சுவரிடம்.

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு பையைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் திருகாணிக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"சித்தப்பா, இருங்க. மூணு மட்டும் எப்படி நல்லா வந்துச்சு?" என்றாள்.

"ஏதோ தப்பித் தவறி வந்திருக்கும்."

"தப்பி ஒண்ணு வரலாம். மூணு வருமா?"

அவள் மிஷினைச் சுற்றி வந்தாள். பிஞ்சு கொட்டி வைக்கிற தொட்டிக்குப் பின்னால் இடுக்கு ஒன்று இருந்தது. வழக்கம்போல நுழைந்தாள். வெளியே வரும்போது கையில் இரண்டு காலிச் சாக்குகள்.

"ஒரு மூட்டைதானே கொட்டணும்? ரெண்டு காலியா இருக்கே?"

அப்பா முதல் சாக்கைப் பார்த்தார். அது பழைய பிளாஸ்டிக். காலையில் வேறொரு கடைக்கு ஊதுவதற்காக அவர்தான் கொட்டியிருந்தார். சித்தப்பா இரண்டாவதைப் பார்த்தார். அது புதியது. தொட்டியில் ஏற்கெனவே இருந்ததை அவர் பார்க்கவில்லை. அதன் மேலேயே கொட்டியிருந்தார். பழையது அறுநூறு, புதியது இருநூறு. புதியதற்கான சூட்டில் பழையது போனால் தொந்திதான் போடும்.

"கொட்டறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"கொட்டினதை நீ சொல்லியிருக்கலாம்ல?" என்றார் சித்தப்பா.

ஒரு மாதத்தில் அவர்கள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. திருகாணி அதை மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

"யார் கொட்டினாங்கன்னு அப்புறம் பார்க்கலாம். இப்போ பிரிச்சா போதும்ல?" என்றாள்.

எப்படிப் பிரிப்பது? பாட்டில் நிறம் மாறினால் வாங்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மேடம் சொன்னதால் புதியதையும் அதே பச்சையில் செய்திருந்தார்கள். அதே உயரம், அதே மரை.

அப்பா ஒன்றைக் கடித்துப் பார்த்தார். சித்தப்பா ஒன்றை முகர்ந்து பார்த்தார். பிறகு இருவரும் மாற்றிக்கொண்டார்கள். பலன் இல்லை.

"புதுசு லேசா இருக்கும். தராசுல வைக்கலாம்" என்றார் சித்தப்பா.

பட்டறையில் இருந்தது மூட்டை நிறுக்கும் தராசு. ஒரு பிஞ்சை வைத்தால், என் மேல் யாரும் எதையும் வைக்கவில்லையே என்று சாதித்தது. கையால் எடை பார்த்தார்கள்.

"இது கனம்."

"லேசு."

"உன் கையே லேசு."

பத்துப் பிஞ்சுக்குப் பதினோரு சண்டை வந்தது. மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

இந்தச் சண்டையில் நாலைந்து பிஞ்சுகள் கீழே விழுந்து தூசியாகிவிட்டன. அவற்றைக் கழுவலாம் என்று திருகாணி ஒரு வாளித் தண்ணீரில் முக்கி அலசினாள். கையை எடுத்தாள். மூன்று, கல்லைப் போல அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஒன்று மட்டும் மேலே வந்து மிதந்தது.

அமுக்கினாள். மறுபடி மேலே வந்தது.

"அப்பா! சித்தப்பா! இங்க வாங்க! ஒண்ணு நீந்துது, மத்ததெல்லாம் முங்குது!"

இருவரும் ஓடி வந்தார்கள். சித்தப்பா தொட்டியிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்துத் தலைகீழாக வாளியில் போட்டார். மிதந்தது. இன்னொன்றைப் போட்டார். அதுவும் மிதந்தது. அப்பா ஐந்து போட்டார். ஐந்தும் மிதந்தன.

"எல்லாம்தான் மிதக்குது. போம்மா, போய் விளையாடு" என்றார் அப்பா.

திருகாணி போகவில்லை. வாளிக்குள் மூக்கு நனைகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். மிதந்தவற்றில் ஒன்று மெதுவாகச் சாய்ந்தது. அதன் வாயிலிருந்து 'குளுக்' என்று ஒரு குமிழி வந்தது. உடனே கீழே போய்விட்டது.

"வயித்துல காத்து இருக்குப்பா! அதான் மிதக்குது. குழந்தைக்கு எடுக்கிற மாதிரி முதல்ல ஏப்பம் எடுத்துடணும். அப்புறமும் மிதந்தா புதுசு. முங்கினா பழசு!"

அப்பா ஒரு பிஞ்சைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தார். குளுக். முங்கியது. சித்தப்பா ஒன்றைச் சாய்த்தார். குளுக். மிதந்தது. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டிரம்மை எடுடா!" என்றார் அப்பா.

பெரிய நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, தொட்டியில் இருந்ததை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். மூன்று பேரும் தோள் வரை கையை விட்டுக் கலக்கினார்கள். குளுக், குளுக், குளுகுளுகுளுக். பதினொன்று ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டதால் சரியாகச் சொன்னால் எழுநூற்று எண்பத்தொன்பது ஏப்பம். வசதிக்காக எண்ணூறு என்று வைத்துக்கொள்வோம். மற்றபடி நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் இல்லை.

சத்தம் கேட்டு முடிதிருத்துபவர் எட்டிப் பார்த்தார்.

"உள்ள யாருக்காவது வயிறு சரியில்லையா?"

"எண்ணூறு பேருக்கு!" என்றாள் திருகாணி. அவர் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிப் போய்விட்டார்.

மூன்றேகால் மணிக்கு மிதந்ததெல்லாம் ஒரு கூடையில், முங்கியதெல்லாம் இன்னொரு கூடையில். ஆனால் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. ஈரத்தோடு சூட்டில் வைத்தால் பாட்டில் கெட்டுவிடும். சித்தப்பா காற்றுக் குழாயைப் பிடித்து உள்பக்கம் உலர்த்தினார். வெளிப்பக்கத்தைத் திருகாணி துடைத்துத் துடைத்து வைத்தாள். அவள் துடைத்த வேகத்தைப் பார்த்து சித்தப்பாவுக்குப் பெருமையாக இருந்தது. துடைத்த துணியைப் பார்க்கும்வரை.

"ஏய்! அது என் சட்டைடீ!"

"பட்டறைத் துணியில எண்ணெய் இருக்கு சித்தப்பா. உங்க பைலதான் சுத்தமான துணி இருந்துச்சு."

"எத்தனை சட்டை எடுத்தே?"

"எத்தனை வச்சிருந்தீங்களோ அத்தனை. போர்வையும்."

அப்பா சட்டென்று மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

சித்தப்பா சூட்டை ஏற்றினார். முதல் பாட்டில் நன்றாக வந்தது. இரண்டாவதும். மூன்றாவதன் ஒரு பக்கம் கொஞ்சம் மெலிந்திருந்தது. சித்தப்பா உதட்டைக் கடித்தார். பிறகு, திருகாணியைப் பார்க்காமல், நேராகக் கேட்டார்.

"அண்ணா, இது ஏன்?"

அப்பா அதற்காகவே ஒரு மாதமாகக் காத்திருந்தவர் போல வந்தார்.

"மூணாவது ஹீட்டர் விளக்கு முன்கோபிடா. மத்ததைவிடக் கொஞ்சம் குறைச்சு வை. அவசரப்படுத்தாதே."

"புதுசுக்கு உள்ளே வரைக்கும் சூடு ஏறணுமே?"

"அப்போ சூட்டைக் கூட்டாதே, நேரத்தைக் கூட்டு."

அதற்கப்புறம் வந்த எந்தப் பாட்டிலுக்கும் தொந்தி இல்லை.

நான்கு மணிக்குச் சோப்பு மேடம் வந்தார். பேச்சு குறைவு, சோதனை அதிகம். ஒரு பாட்டிலில் கறை நீக்கியை நிரப்பினார். மூடியைத் திருகினார். கவிழ்த்தார். அமுக்கினார். மேடம் பாட்டிலைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் கையை விட்டார்.

பாட்டில் தரையில் விழுந்து, எழும்பி, அப்பாவின் முழங்காலில் மோதி, உருண்டு போய் நின்றது.

"விரிசல் இருக்கா?" என்றார் மேடம்.

"பாட்டில்லயா, முழங்கால்லயா?" என்றார் அப்பா.

மேடம் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. "இனிமே என் பாட்டில் எல்லாம் இதுலயே ஊதுங்க. சரி, இது யார் யோசனை?" என்றார்.

அப்பா தம்பியைக் காட்டினார். சித்தப்பா அண்ணனைக் காட்டினார். பிறகு இரண்டு பேரும் திருகாணியைக் காட்டினார்கள். அவள் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மேடம் போன பிறகு அப்பா தொண்டையைச் செருமினார்.

"மேடத்துக்கு ஊதணும்னா நாள் முழுக்க ஹீட்டர்கிட்ட ஒரு ஆள் நிக்கணும். எனக்குக் கால் வலிக்கும்."

"நாற்காலி போட்டுக்கோ" என்றார் சித்தப்பா.

"நாற்காலி போட்டா தூக்கம் வரும்."

"அப்போ யார்தான் நிக்கறது?"

"உனக்கு என்ன அவசர வேலை இருக்கு?"

சித்தப்பா போய் ஹீட்டர் பக்கத்தில் நின்றார். ஆறு மணி ரயில் அவருக்காகக் காத்திருக்காமல் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் பட்டறையில் பெரிய சத்தம்.

"முதல்ல கொட்டினது நீதான்!"

"கொட்டினது நான், பார்க்காம மேல கொட்டினது நீ!"

"பார்க்காம இல்ல, வெளிச்சம் பத்தலை!"

"கண்ணு பத்தலைன்னு சொல்லு!"

உள் அறையில் திருகாணிக்குத் தூக்கம் கலைந்தது. சண்டையில் இரண்டு குரல் இருக்கிறதா என்று கவனமாகக் கேட்டாள். இரண்டும் இருந்தன. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, இன்னும் ஒரு மணி நேரம் சுகமாகத் தூங்கினாள்.