தலையைப் பிடித்த கை

1971 ஆடி மாதம், செகந்திராபாத். ரயில்வே பட்டறை ஃபிட்டர் துரைராஜை ஆபரேஷன் முடித்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வேகன் மேலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்திருந்தது. இடுப்பிலிருந்து எலும்புத் துண்டு எடுத்துக் கழுத்தில் வைத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் நிற்காத மனுஷன், காதோரம் இரண்டு மணல் பைகளை வைத்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்தபடி கிடந்தார். அவர் மனைவி ஜெயசுந்தரிக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

எலும்பு ஒட்டுவதற்குள் தலை தனியாகத் திரும்பிவிட்டால் கை கால் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டவும் வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. நர்ஸ் யூனிஸ் தலைமாட்டில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள். 'மூடு', அதாவது மூன்று, என்றதும் ஜெயசுந்தரியும் ஆயா நாகம்மாவும் உடம்பைப் புரட்டவேண்டும். யாராக இருந்தாலும் அந்த வார்டில் எண்ணிக்கை தெலுங்கில்தான்.

மூன்றாம் நாள் பிற்பகல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. ஜன்னல்களைச் சாத்தியதும் டெட்டால் நெடியோடு ஈரமண் வாடையும் உள்ளே நின்றது. குழி தோண்டினால் வருமே, அந்த வாடை.

நாகம்மா இடுப்பில் கை கொடுத்தாள். ஜெயசுந்தரி தோளைப் பிடித்தாள். தலைமாட்டில் ஆள் வந்து நின்றது இருட்டில் தெரிந்தது.

இரண்டு கைகள் துரைராஜின் தாடையை ஏந்தின.

"ஒகட்டி... ரெண்டு... மூடு."

பிசகில்லாமல் புரட்டினார்கள்.

கதவு திறந்தது. மெழுகுவத்தியோடு யூனிஸ் நின்றாள்.

"நான் வர்றதுக்குள்ள தலையை யாரு பிடிச்சா, அக்கா?"

ஜெயசுந்தரி கதவுப்பக்கம் திரும்பினாள். "நீங்கதானே எண்ணுனீங்க, சிஸ்டர்?"

யூனிஸ் வெளிச்சத்தைத் தலைமாட்டுக்குக் கொண்டுபோனாள்.

யாரும் இல்லை.

"சுந்தரி," துரைராஜ் முணுமுணுத்தார். "ஐஸ் மாதிரி இருக்கு. இன்னும் விடல."

அதற்குப் பிறகு அந்தப் பிடி விடவேயில்லை என்றார் அவர். மருந்து மயக்கம் என்றார்கள். தலைமாட்டில் நிற்பது யாரென்று பார்க்காமல் புரட்டிவிட்டோமே என்று ஜெயசுந்தரி தினமும் தன்னையே நொந்துகொண்டாள். கை கால் அசைகிறதே என்பதுதான் ஒரே ஆறுதல்.

பன்னிரண்டாம் வாரம் கழுத்துப் பட்டையைக் கழற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் சாரங்கபாணி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எலும்பு நல்லா ஒட்டிடுச்சும்மா," என்றவர் முகத்தைச் சுளித்தார். "படம் எடுக்கிறப்போ கழுத்தைப் பிடிச்சது யாரு? கையும் சேர்ந்து விழுந்திருக்கே."

ஜெயசுந்தரி எட்டிப் பார்த்தாள். கழுத்தெலும்புக்கு இருபுறமும் விரல் எலும்புகள், நீளமாக, மடங்கி.

"யாரும் பிடிக்கல, டாக்டர்."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பினாள். துரைராஜின் தலை மெதுவாக இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. தோளைத் தாண்டியும் நிற்கவில்லை. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன.

"நான் திருப்பல, சுந்தரி."