ஊமைத் தலைக்கு வந்த மவுசு

விருதுநகர் மிளகாய்ச் சந்தையில் இப்போதெல்லாம் ஈ பறந்தால் கேட்கும். பேரம் பேச யாருக்கும் வாய் தேவையில்லை. மூக்கின் கூரையைத் துளைத்து மூளைக்கடியில் ஒட்டவைத்த மனவிலைமானி, எதிராளியின் மனதைப் படித்து அவர் கடைசி விலையைச் சொல்லிவிடும். உங்கள் கடைசி விலையையும் அவருக்குச் சொல்லிவிடும். மானி இல்லாத தலையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வியாபாரிகள் ஒருவரையொருவர் முறைப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், மூட்டை வண்டியேறிவிடும்.

அன்று மண்டிக்காரி தங்கபுஷ்பம், தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர் மச்சாடோவை முறைத்துக்கொண்டிருந்தபோது தும்மல் வந்தது. விலை படியும் நேரத்தில் தும்மினால் வியாபாரம் முறிந்தது என்பது சந்தை வழக்கம். செவ்வாய் கிரகத்துக்கு வற்றல் அனுப்பும் காலத்திலும் அதில் கைவைக்க எவருக்கும் துணிச்சல் இல்லை. மூக்கைப் பிடித்து, வாயை இறுக்கி, தும்மலை விழுங்கினாள்.

தலைக்குள் கோலி சோடா உடைத்தாற்போல் ஒரு சத்தம்.

மச்சாடோ விழித்தார். "என்னக்கா, உங்க பக்கம் ஒண்ணுமே தெரியல?"

அவளுக்கும் அவர் பக்கம் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு வாய் இருந்தது. வாய்க்கு வந்த விலையைச் சொன்னாள். பேசியே பழக்கம் விட்டுப்போன மச்சாடோ வெலவெலத்து ஒப்புக்கொண்டார். அன்று முழுக்க அவள் ராஜ்யம்தான்.

மறுநாள் தலை இடித்தது. குனிந்தால் மூக்கிலிருந்து நீர் சொட்டியது. உதட்டில் உப்புக் கரித்தது.

"இது ஜலதோஷம் இல்லம்மா," என்றார் டாக்டர் நிலோஃபர். "மூளையைச் சுத்தியிருக்கிற தண்ணி. கருவி வைக்கப் போட்ட ஓட்டை வழியா அது கீழ வருது. நீங்க அடக்கின தும்மல் மேல போயிருச்சு. மண்டைக்குள்ள காத்து மாட்டிக்கிச்சு."

"அதான் கருவிக்கும் மூளைக்கும் ஒட்டு விட்டுப்போச்சா?"

"ஆமா. தலைமாட்டை லேசா உயர்த்திப் படுங்க. முகமூடியில சுத்தமான ஆக்சிஜன் குடுப்போம், ரத்தம் அந்தக் காத்தைக் கொஞ்சங்கொஞ்சமா உறிஞ்சிரும். மூக்கு சிந்தக் கூடாது, முக்கக் கூடாது, விமானம் ஏறக் கூடாது."

"காத்து போனா மானி மறுபடி பேசுமே?"

"பேசும்."

"அப்ப முழுசா எடுக்காதீங்க டாக்டர். பாதி."

"மண்டை என்ன மிளகாய் மூட்டையா?"

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஒரு கரண்டி விட்டுருங்க."

"இன்னும் காத்து ஏறினா மூளையை அமுக்கும். மண்டையில துளை போட்டு இறக்கணும். அதுக்குள்ள பேச்சு போகலாம், ஆளே போகலாம்."

"பயங்காட்டி விலையேத்தாதீங்க!" என்று எழுந்தவள், எங்கே போக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். மண்டி என்ற சொல் வரவில்லை. தான் எதை விற்கிறோம் என்பதும் வரவில்லை. பேசாமல் படுத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலுக்கு மச்சாடோ வந்து சேர்ந்தார்.

"நீங்களுமா அண்ணாச்சி?"

"உங்க தலை ஊமையானதும் என்னமா சம்பாரிச்சீங்க! நானும் மூக்குப்பொடி போட்டு, தும்மலை அடக்கிப் பார்த்தேன்."

முகமூடிக்குள்ளிருந்தே அடுத்த சரக்குக்குப் பேரம் தொடங்கியது. "அந்த விலைக்குக் குடுத்தா நான் சன்னியாசம்தான் போகணும்" என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "போயிட்டு வாங்க" என்று அவர் போர்வையை இழுத்து மூடினார். பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். விலை படிந்தது. எதிராளி தலையில் மிளகாய் அரைத்துவிட்ட திருப்தியோடு இருவரும் நன்றாகத் தூங்கினார்கள்.

காற்று வற்றியதும் மானிகள் விழித்தன. இன்னும் எவ்வளவு கொடுத்திருப்பார் என்று அவளும், இன்னும் எவ்வளவு இறங்கியிருப்பாள் என்று அவரும் பார்த்தார்கள்.

"அடப்பாவி மனுசா!"

"ஏக்கா, இது நியாயமா?"

டாக்டர் குறுக்கே வந்தார். "கருவியை எடுத்து ஓட்டையை அடைச்சாத்தான் பிழைப்பீங்க. யாரு முதல்ல?"

"அண்ணாச்சி எடுக்கட்டும்."

"அக்கா மூத்தவங்க."

"யாரு மூத்தவ?"

மானி இல்லாத தலை சந்தைக்குள் நுழைய முடியாது; முதலில் எடுப்பவர் சந்தையை மற்றவருக்குத் தாரைவார்த்ததாகும். அதனால் டாக்டர் இருவருக்கும் ஒரே நேரத்தில் எடுப்பதாகச் சொன்னார். இருவர் வாயும் "சரி" என்றது. ஆனால் மானிகள் உள்ளதைக் காட்டிக்கொடுத்தன: அறுவை மேசையில் படுத்ததும் எழுந்து ஓடிவிடுவதாகவே இருவர் திட்டமும்.

கடைசியில் தங்கபுஷ்பம்தான் கைகூப்பினாள்.

"டாக்டர், எங்க ரெண்டு பேர் தலைக்கும் கொஞ்சம் காத்து ஏத்துங்க. இவரை நம்பினாத்தான் நான் கருவியை எடுக்க முடியும். இவர் மனசுக்குள்ள இருக்கிறது தெரிஞ்சா எப்படி நம்புறது?"

"அக்கா சொல்றது வாஸ்தவம்," என்றார் மச்சாடோ.

அவர் மனமறிந்து சொன்ன உண்மைதான் அது என்று அவள் மானியும் சொன்னது.